ஐம்பத்தொரு சென்டிமீட்டர்

வட்டம் 19, நெய்வேலி
3 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

அன்புள்ள இளவழகன் அவர்களுக்கு,

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து நேற்று மாலை வரை என் கைப்பேசிக்கு நீங்கள் பதினொரு முறை அழைத்திருக்கிறீர்கள். எடுக்காததற்குக் கோபம் காரணம் அன்று. அளவு சம்பந்தப்பட்ட எதையும் நான் வாய்மொழியாகப் பேசுவதில்லை என்பது, என்னோடு பதினான்கு ஆண்டுகள் சுரங்கத்தின் நில அளவைப் பணியில் இருந்த உங்களுக்குத் தெரியும். ஆகவே எழுதுகிறேன். நீங்களும் எழுத்திலேயே பதில் தரவேண்டும்.

முதலில் நடந்தவற்றை வரிசைப்படுத்திக்கொள்கிறேன். வெள்ளைக்கழி முகத்துவாரத்தில் ஒரு தனியார் துறைமுகத்துக்காக எட்டு ஆண்டுகளுக்கு முன் கப்பல் கால்வாய் வெட்டினார்கள். வெட்டிய மண்ணைக் கரையிலேயே குவித்தார்கள். அந்த மண்மேடு, கடலின் ஏற்றவற்றம் கழிக்குள் வந்துபோகும் வழியை அடைத்தது. நானூறு ஏக்கர் அலையாத்திக் காடு நின்ற நிலையிலேயே காய்ந்தது. துறைமுகம் வரவேயில்லை. இப்போது ஓர் அறக்கட்டளை மண்மேட்டை ஏழு இடங்களில் திறந்து, உள்ளே மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, அவற்றின் சரிவில் படி அமைத்துக் கன்று நடுகிறது. வெட்டும் பணி உங்கள் குழுவினுடையது. மட்டம் பார்த்துத் தர ஆளில்லை என்று என்னைக் கேட்டீர்கள். மார்ச் மாதத்தில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் வந்து, நூற்றுப் பன்னிரண்டு முளைகளில் கோடு குறித்துக் கொடுத்தேன். ஊதியம் பெறவில்லை. என் பெயர் எந்தத் தாளிலும் வரக்கூடாது என்று கேட்டுக்கொண்டேன், ஒப்புக்கொண்டீர்கள்.

இப்போது, உள்ளே வந்த தண்ணீர் வற்றத்தின்போதும் படியை விட்டு இறங்கவில்லை, கன்றுகள் மூழ்கி அழுகுகின்றன என்று குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறீர்கள். நான் குறித்த மட்டம் சரி. மட்டம் சரியாக இருந்தும் படி தாழ்ந்திருக்குமானால், முளையில் குறித்த கோட்டுக்குக் கீழேயும் வெட்டியிருக்கிறீர்கள் என்பதைத் தவிர வேறு விளக்கம் இல்லை. பத்து இடங்களில் ஆழத்தை அளந்து எழுதி அனுப்புங்கள்.

வீட்டார் நலமென நம்புகிறேன்.

இங்ஙனம்,
செந்தில்நாதன்

*

வெள்ளைக்கழி முகாம்
10 ஆகஸ்ட் 2025

மதிப்புக்குரிய சார் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. வேலையில் இருந்தபோதெல்லாம் "நீ வாப்பா, நீ பிடிப்பா" என்றுதான் கூப்பிடுவீர்கள். இப்போது வரிக்கு வரி நீங்கள், நீங்கள் என்று படிக்கும்போது ஏதோ கோர்ட்டுக் கூண்டில் நிற்பது போல இருக்கிறது.

பத்து இடத்தில் அளக்கச் சொன்னீர்கள். நூற்றுப் பன்னிரண்டிலும் அளந்துவிட்டேன். அட்டவணை இணைத்திருக்கிறேன். கோட்டுக்குக் கீழே அதிகமாகப் போனது இரண்டு விரல். அதுவும் நண்டு வளை சரிந்த இடங்களில்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை அறக்கட்டளையின் இன்ஜினியர் செங்குட்டுவன் வந்தார். வற்றம் முழுதாக இறங்கும்வரை கரையிலேயே நின்றார். படியின்மேல் அப்போதும் முழங்கால் அளவுக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் நின்றது. கன்றுகள் எல்லாம் கறுத்துப்போய், தொட்டால் கையோடு வருகின்றன. "யாருங்க லெவல் குடுத்தது?" என்று கேட்டார். உங்களுக்குக் கொடுத்த வாக்கு முன்னால் வந்து நின்றது. "நாங்களே டியூப்ல தண்ணி ரொப்பிப் பாத்துகினோம் சார்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன நிமிஷமே அவர் அதை எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு கேட்டதுதான் தாங்கவில்லை. வெட்டிய மண்ணின் அளவுக்குத்தானே கூலி, ஆழமாக வெட்டினால் உங்களுக்கு லாபம்தானே என்றார். இருபத்திரண்டு பேர் எதிரில். அதில் பாதிப் பேர் வடலூர்ப் பக்கம் எங்கள் தெருக்காரர்கள். மீதி, இந்தக் கழியில் நண்டு பிடித்துப் பிழைத்த உள்ளூர்ப் பெண்கள். அவர்களில் பெரியநாயகி அக்கா மட்டும் கரையேறி வந்து, "எங்க கழிய நாங்களே கெடுத்துகினு கூலி வாங்குவமா? அந்தப் பேனாவ மூடு தம்பி, மை காஞ்சிரும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். செங்குட்டுவன் சிரிக்கவில்லை.

செப்டம்பர் 13ஆம் தேதி அறக்கட்டளையின் குழு கூடுகிறது. நான் வேண்டுமென்றே ஆழமாக வெட்டினேன் என்று முடிவானால் எங்களை அனுப்பிவிட்டு, இயந்திரம் வைத்திருக்கும் வேறு ஒப்பந்தக்காரரைக் கூப்பிடுவார்கள். அந்தக் கெட்ட பெயரோடு இந்தக் கரையில் எங்களுக்கு எவனும் மண்வெட்டி கொடுக்கமாட்டான். ஐப்பசி மழைக்கு முன்னால் படியை உயர்த்தாவிட்டால் இந்த வருட நடவும் போயிற்று.

நீங்கள் மட்டம் பார்த்தபோது முளைமேல் ஸ்டாஃப் கட்டையைப் பிடித்தவன் நான். பிடித்த கை ஆடவில்லை. உங்கள் மட்டப் புத்தகத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள் சார்.

இப்படிக்கு,
இளவழகன்

*

வட்டம் 19, நெய்வேலி
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள இளவழகன் அவர்களுக்கு,

உங்கள் அட்டவணையை என் மட்டப் புத்தகத்தோடு ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டேன். உங்கள் வெட்டில் பிழையில்லை. என் முந்தைய கடிதத்தின் கடைசிப் பத்தியை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பிழை என்னுடையது. அது எங்கே நேர்ந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். கால்வாயின் பழைய படகுத்துறையில் ஒரு கல் இருக்கிறது, அதில் 2.140 என்று வெட்டியிருக்கும். முதல் ஞாயிறு அதைத்தான் தொடக்க அளவாகக் கொண்டேன். நம் சுரங்கப் பகுதியில் இருபத்தாறு ஆண்டுகளாக நான் பார்த்த ஒவ்வொரு குறியீட்டுக் கல்லும் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து கணக்கிடப்பட்டது. வேறு விதமாக ஒரு கல் இருக்கக்கூடும் என்ற எண்ணமே எனக்கு எழவில்லை. துறைமுகக்காரர்களுக்கோ கப்பலின் அடி தட்டக்கூடாது என்பதே கவலை. ஆகவே கடல் மிகவும் வற்றும் மட்டத்தை அவர்கள் பூஜ்யமாக வைத்துக்கொள்கிறார்கள். அது சராசரி மட்டத்துக்கு 0.51 மீட்டர் கீழே. அந்தக் கல்லின் எண்ணை நான் தவறான பூஜ்யத்திலிருந்து படித்தேன். படிகள் யாவும் ஐம்பத்தொரு சென்டிமீட்டர் தாழ்ந்தன.

இதில் என்னைத் தாக்கியது வேறொன்று. எண்ணுக்குக் கீழே 'கப்பல் வரைபட மட்டம்' என்று சிறிய எழுத்தில் வெட்டியிருக்கிறது. அதை நான் பார்த்திருக்கிறேன். புத்தகத்தின் குறிப்புப் பத்தியில் என் கையெழுத்திலேயே பதிந்திருக்கிறேன். பதிந்தேன், படிக்கவில்லை.

திருத்தம் எளிது: எல்லாப் படிகளையும் சீராக ஐம்பத்தொரு சென்டிமீட்டர் உயர்த்துங்கள். ஆனால் இதைக் குழுவிடம் என் கையெழுத்தோடு சொல்வதில் ஒரு தடை இருக்கிறது. அலுவலகத்தின் அனுமதியின்றி வெளிப்பணி செய்வது நடத்தை விதிக்கு முரண். மட்டம் பார்க்கும் அலுவலக ஆட்டோ லெவல் கருவியை வாயில் அனுமதிச் சீட்டு இல்லாமல் என் காரில் வைத்துக் கொண்டுவந்தது அதைவிடப் பெரிய முரண். ஓய்வுக்கு இன்னும் பத்து ஆண்டுகள் உள்ளன. இந்தக் குடியிருப்பும் பதவியோடு சேர்ந்தது. மகள் வெண்மதி இங்கிருந்துதான் கல்லூரிக்குப் போய்வருகிறாள்.

ஆகவே ஒழுங்கான வழியில் போக முடிவு செய்திருக்கிறேன். மார்ச் மாதம் முதல் செல்லுபடியாகுமாறு பின்னேற்பு அனுமதி கேட்டு விண்ணப்பிக்கிறேன். அது கிடைத்ததும் முழுச் சான்று தருகிறேன். அதுவரை, ஏற்றவற்றத்தைக் கவனித்து நீங்களே பிழையைக் கண்டுபிடித்ததாகச் சொல்லலாம்.

இங்ஙனம்,
செந்தில்நாதன்

*

வெள்ளைக்கழி முகாம்
24 ஆகஸ்ட் 2025

சார் அவர்களுக்கு,

தப்பு உங்களுடையது என்று எழுதியதைப் பார்த்ததும் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். பதினான்கு வருஷத்தில் நீங்கள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆனால் வாயில் அனுமதிச் சீட்டு என்று படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. கோபித்துக்கொள்ள வேண்டாம். 2016இல், எங்கள் வூட்டு அஸ்திவாரம் குறிக்க முப்பது மீட்டர் டேப்பை ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எடுத்துப் போனேன். திங்கட்கிழமை காலை ஏழரைக்கெல்லாம் திரும்பக் கொண்டுவந்து வைத்தேன். அதற்குள் நீங்கள் அறிக்கை எழுதிவிட்டீர்கள். ஒப்பந்தக்காரர் என் வேலை அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். எங்கள் தெருவில் சுரங்கத்துக்குக் கொடுத்து வேலை வாங்க யாருக்கும் நிலம் இருந்ததில்லை. அந்த அட்டை ஒன்றுதான் இருந்தது. அதற்கு ஆறாம் மாதம் பழைய ஒப்பந்த ஆட்களைப் பர்மனென்ட் ஆக்கும் பட்டியல் வந்தது. அதில் நான் இல்லை.

இதை எடுத்துச் சொல்லிக் காட்ட எழுதவில்லை. மார்ச் மாதம் உங்கள் கார் டிக்கியைத் திறந்தபோது, உள்ளே போர்வை போர்த்தி அந்தக் கருவி இருந்ததைப் பார்த்தேன். ஏன் வந்தீர்கள் என்று எனக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் உங்கள் பெயரை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

நாங்களே கண்டுபிடித்ததாகச் சொல்லலாம் என்கிறீர்கள். சொல்லிப் பார்த்தோம். பெரியநாயகி அக்கா பன்னிரண்டு நாள் குச்சி நட்டு, ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் சுண்ணாம்பில் கோடு போட்டார். "இங்க தண்ணி மூச்சு விடறதே இல்லடா. வந்தது வந்தபடியே நின்னுகினு கெடக்குது" என்றார். அலையாத்திக்கு வேரில்தான் மூச்சு; வற்றத்தில் சேறு வெளியே தெரிந்தால்தான் அது பிழைக்கும். செங்குட்டுவன் கோடுகளைப் பார்த்து, எவ்வளவு ஆழம் போய்விட்டது என்று தெரிகிறது, ஏன் போனது என்று தெரியவில்லையே என்றார். அவர் கேட்பதும் நியாயம். கல் அங்கேயே நிற்கிறது. ஆனால் அந்தக் கல்லிலிருந்து மட்டம் எடுத்தேன் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

தயவுசெய்து விண்ணப்பம் போடாதீர்கள் சார். நடந்து முடிந்த வேலைக்கு எந்த ஆபீஸ் அனுமதி கொடுக்கும்? இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். குழுவில் காட்டிவிட்டு உங்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். செங்குட்டுவன் தன் கண்ணால் பார்த்தால் போதும்.

இப்படிக்கு,
இளவழகன்

*

வட்டம் 19, நெய்வேலி
7 செப்டம்பர் 2025

அன்புள்ள இளவழகன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் 26ஆம் தேதி கிடைத்தது. விண்ணப்பத்தை நான் 25ஆம் தேதியே கொடுத்துவிட்டேன்.

படிவத்தில் பணி தொடங்கிய நாள், முடிந்த நாள், பயன்படுத்திய கருவிகள் என்று மூன்று பத்திகள் உள்ளன. பொய் எழுத என்னால் இயலாது. காலியாக விட விதி இடமளிக்காது. ஆகவே நான்கு ஞாயிறுகளையும் கருவியின் பதிவு எண்ணையும் எழுதினேன். ஆதாரமாக மூல ஆவணத்தை இணைக்க வேண்டும் என்று இருந்தது. மட்டப் புத்தகத்தை இணைத்தேன். நகல் எடுத்துக்கொள்ளவில்லை. சொந்தத் தாளுக்கு அலுவலக நகல் இயந்திரத்தைப் பயன்படுத்தக் கூடாது. வெளிக்கடையில் எடுக்கலாம் என்று அப்போது தோன்றவில்லை. இதைக் கேட்டு உமாராணி, "அத்தனை வருஷம் படிச்சு இதுக்குத்தானா?" என்று மட்டும் கேட்டாள். என் மனைவி கோபத்தில் குரலை உயர்த்துபவள் அல்ல.

செப்டம்பர் முதல் தேதி பணியிடை நீக்க உத்தரவு வந்தது. அதில் இரண்டு நிபந்தனைகள். விசாரணை முடியும்வரை முன் அனுமதியின்றி நெய்வேலியை விட்டு வெளியேறக் கூடாது. விசாரணைக்குரிய பொருள் குறித்து வெளியாருக்கு எந்த ஆவணமும் அளிக்கக் கூடாது. உத்தரவில் குற்றம் காண ஒன்றுமில்லை. அந்த இடத்தில் நான் இருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன்.

ஏழு நாட்களாக வீட்டில் இருக்கிறேன். காலை எட்டு மணிக்கு முதல் ஷிஃப்ட் ஆட்கள் போன பிறகு தெரு வெறிச்சோடிவிடுகிறது. அந்த நேரத்தில் ஓர் ஆண் வாசலில் நிற்பதைப் பார்த்தால் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பெண்கள் தலையைத் திருப்பிக்கொள்கிறார்கள். எனக்கு மரியாதை செய்வதாக நினைத்துத்தான். பால் வாங்கப் போகும்போது வடலூர்ப் பேருந்து எதிரே வந்து நிற்கிறது. நடத்துநர் படியில் நின்று என்னைப் பார்க்கிறார். நான் நிறுத்தத்தை விட்டு இரண்டடி தள்ளி நின்றுகொள்கிறேன், ஏறுபவன் என்று நினைத்துவிடாதபடி. வீட்டில் ஜன்னல், கதவு, மதில் எல்லாம் முன்பிருந்த அளவில்தான் இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் அளந்தும் பார்த்தேன்.

சான்று தர இப்போது என்னால் இயலாது. தர மனமில்லை என்று எண்ணவேண்டாம். தந்தால் உத்தரவை மீறியவனாவேன்.

இங்ஙனம்,
செந்தில்நாதன்

*

வெள்ளைக்கழி முகாம்
10 செப்டம்பர் 2025

சார்,

நீங்களே கூண்டுக்குள் போய், கதவைச் சாத்தி, சாவியையும் ரசீது வாங்கிக்கொண்டு ஒப்படைத்திருக்கிறீர்கள். உங்களைத் தவிர வேறு யாராலும் இப்படிச் செய்ய முடியாது.

இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது. நீங்கள் வெளியே வர முடியாது என்றால் நான் வருகிறேன். எனக்கு அப்படி எந்த உத்தரவும் இல்லை. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் வட்டம் 19இல் இருப்பேன். தாள் வேண்டாம். உங்கள் வாயால் செங்குட்டுவனிடம் என் போனில் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இளவழகன்

*

வட்டம் 19, நெய்வேலி
12 செப்டம்பர் 2025, வெள்ளி மாலை

இளவழகன்,

இன்று காலை பத்து ஐந்துக்கு நீங்கள் வந்தீர்கள். உமாராணி கதவைத் திறந்து, "சார் இல்லீங்க, பண்ருட்டி வரைக்கும் போயிருக்காரு" என்றாள். "வெளிய போகக் கூடாதுன்னு உத்தரவாச்சேம்மா" என்று நீங்கள் கேட்டீர்கள். செருப்பைக் கழற்றாமல் நான்கு நிமிடம் நின்றீர்கள். பிறகு, "பலாச்சுளை கொண்டாந்தேன், பாப்பாவுக்குக் குடுங்க" என்று பையை வைத்துவிட்டுப் போனீர்கள். இதையெல்லாம் நான் அறிவேன். நான் உள்ளறையில் இருந்தேன். அப்படிச் சொல்லும்படி அவளைக் கேட்டுக்கொண்டவனும் நான்தான்.

அந்த நேரத்தில் என் முன்னால் மேசையில் ஒரு தாள் இருந்தது. எங்கள் வட்டத்தில் சோமசுந்தரம் என்று ஒருவர் இருக்கிறார்; அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குற்றக் குறிப்பாணை பெற்றவர்களுக்கெல்லாம் விளக்கம் எழுதித் தருவது இப்போது அவர் பொழுதுபோக்கு. அவர் வந்து, கேட்காமலே ஒரு விளக்கம் எழுதிக் கொடுத்தார். நல்ல நடை, பிழையே இல்லை. முன்பு என் அறிக்கையால் வேலை இழந்த ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர், பழைய பகையை மனத்தில் கொண்டு, அனுமதி பெற்ற பணி என்று என்னை நம்பவைத்து அழைத்துச் சென்றார் என்று அதில் இருந்தது. "பேரு கூட போட வேணாம் சார். எச்சரிக்கையோட முடிஞ்சிரும். அவனுக்கு இதுனால போறதுக்கு என்ன இருக்கு?" என்றார். கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார். நீங்கள் கதவைத் தட்டியபோது என் பேனா திறந்திருந்தது.

நீங்கள் போன பிறகு உமாராணி பலாச்சுளைப் பையை அந்தத் தாளின் மேலேயே கொண்டுவந்து வைத்தாள். "என்னைப் பொய் சொல்ல வெச்சீங்க. எந்த விதியில இருக்கு அது?" என்றாள். இருபத்து மூன்று ஆண்டுகளில் அவள் என்னிடம் விதி கேட்டது இதுவே முதல் முறை. அப்படி ஒரு விதி இல்லை.

சோமசுந்தரத்தின் தாளைக் கிழித்துவிட்டேன். இத்துடன் வேறொரு தாள் இருக்கிறது. படகுத்துறைக் கல்லிலிருந்து மட்டம் எடுத்தவன் நான், பூஜ்யத்தைத் தவறாகப் படித்தவன் நான், வெட்டியவர்கள் என் கோட்டைத்தான் பின்பற்றினார்கள், டியூப் வைத்துப் பார்த்ததாக நீங்கள் சொன்னது என் வேண்டுகோளுக்காக, என்று முழுப் பெயரோடும் பணியாளர் எண்ணோடும் எழுதியிருக்கிறேன். புத்தகம் கையில் இல்லாததால் எண்கள் நினைவிலிருந்து தரப்பட்டவை என்பதையும் குறிப்பிட்டிருக்கிறேன். இது உத்தரவை மீறும் செயல். மீறுகிறேன் என்று தெரிந்தே மீறுகிறேன். பிறகு தெரியாது என்று சொல்லமாட்டேன்.

தபாலில் போட்டால் திங்கட்கிழமைதான் வரும். நாளை காலை ஐந்தே முக்கால் பேருந்தில் உமாராணி கொண்டுவருகிறாள். கடலூரில் இறங்கி எந்தப் பேருந்து ஏறவேண்டும் என்று அவளுக்கு மட்டும் கைப்பேசியில் சொல்லுங்கள்.

செந்தில்நாதன்

*

வெள்ளைக்கழி முகாம்
12 அக்டோபர் 2025

சார் அவர்களுக்கு,

ஒரு மாதமாக எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். பகல் முழுக்கச் சேற்றில் நின்றால் கை பேனாவைப் பிடிப்பதில்லை.

உமாராணி அம்மா உங்களிடம் எவ்வளவு சொன்னார்களோ தெரியாது. குழுவில் ஏழு பேர். உங்கள் தாளைச் செங்குட்டுவன் வாங்கி மனதுக்குள்ளேயே படித்துவிட்டு, மேசையில் கவிழ்த்து வைத்தார். அம்மா எழுந்து, "சத்தமா படிங்க தம்பி. இவரைத் திருடன்னு சொன்னப்ப சத்தமாத்தானே சொன்னீங்க" என்றார்கள். அவர் எழுந்து நின்று முழுதும் படித்தார். பிறகு நாங்கள் எல்லோரும் படகுத்துறைக்குப் போனோம். பெரியநாயகி அக்கா கல்லில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டினார். எழுத்து தெரிந்தது. செங்குட்டுவன் அங்கேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் நல்ல பிள்ளைதான்.

எங்கள் குழுவையே தொடரச் சொல்லிவிட்டார்கள். ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். நான் அன்றே தாளைத் திரும்பக் கேட்டேன். குழு ஆவணமாகிவிட்டது, தர முடியாது என்றார்கள். உறுதி செய்துகொள்வதற்காக ஒரு நகலை உங்கள் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியும் விட்டார்கள். நான் தடுத்துப் பார்த்தேன். முறை என்றார்கள். உங்களுக்குத் தெரியாத முறையா?

கால்வாய்க்காரர்கள் குவித்துவிட்டுப் போன மண்ணையே எடுத்துப் படியை உயர்த்துகிறோம். பாதி முடிந்திருக்கிறது. பௌர்ணமிக்கு மறுநாள், புதன்கிழமை பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு முதல் வாய்க்காலில் வற்றம் முழுதாக இறங்கியது. தண்ணீர் படியை விட்டு இறங்கி, சேறு வெளியே தெரிந்தது. ஒரு மணி நேரமும் பத்து நிமிடமும் அப்படியே இருந்தது. நண்டுகள் வளையை விட்டு வெளியே வந்து நின்றன. இரண்டு உள்ளான் குருவிகள் வந்து, எங்கள் காலடித் தடத்திலேயே கொத்தித் தின்றன. எல்லோரும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்தோம். அக்கா மட்டும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இன்னாத்துக்கு நிக்கறீங்க, தண்ணி திரும்பறதுக்குள்ள அடுத்த படிக்கி மண்ணு போடுங்க" என்றார்.

நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை நடவு. ஒரு நாள் அனுமதி கேட்டுப் பாருங்கள் சார். வேண்டாம் என்று நான் சொன்ன விண்ணப்பத்தைப் போட்டீர்கள். இதைப் போடச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
இளவழகன்

*

வட்டம் 19, நெய்வேலி
29 அக்டோபர் 2025

அன்புள்ள இளவழகன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் முதல் வாய்க்கால் பற்றிய பகுதியைப் பலமுறை படித்தேன். ஒரு மணி பத்து நிமிடம் போதுமானது. மற்ற வாய்க்கால்களிலும் இந்த நேரத்தைக் குறித்துவாருங்கள்.

அறக்கட்டளை அனுப்பிய நகல் அலுவலகத்தை அடைந்தது. உத்தரவை மீறி ஆவணம் அளித்ததாக என்மீது இரண்டாவது குற்றச்சாட்டு சேர்ந்திருக்கிறது. விசாரணை அதிகாரி, இதை மறுக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். உங்களை யாராவது வற்புறுத்தினார்களா என்றார். இல்லை என்றேன். உடன் பணிசெய்தவர் பெயர் கேட்டார். நான் எழுதிய மட்டப் புத்தகங்கள் அனைத்திலும் அந்த இடத்தில் 'ஆள் ஒன்று' என்றுதான் இருக்கும். இம்முறை உங்கள் பெயரையும், பதினான்கு ஆண்டுப் பணியையும், கட்டை பிடித்த கையில் பிழையில்லை என்பதையும் பதியச் சொன்னேன். பதிந்தார். விசாரணை தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது. இந்த வீட்டில் எத்தனை மாதம் இருப்போம் என்று எனக்குத் தெரியாது. அதுவரை இதை விட்டு எங்கும் போக முடியாது என்பது மட்டும் தெரியும்.

நவம்பர் 2ஆம் தேதிக்கு அனுமதி கேட்டேன். காரணம் என்ற பத்தியில், நான் செய்த பிழை திருத்தப்பட்டதை நேரில் காண, என்று எழுதினேன். உடல்நலம் என்று எழுதியிருந்தால் கிடைத்திருக்கலாம் என்று சோமசுந்தரம் சொல்கிறார். காரணம் போதுமானதன்று என்ற குறிப்போடு விண்ணப்பம் நேற்று திரும்பிவந்தது. ஆகவே நான் வர இயலாது.

உமாராணி வருகிறாள். வெண்மதியும் உடன் வருகிறாள். அவர்களுக்கு எந்த உத்தரவும் பொருந்தாது. இருவருக்கும் சேற்றில் நடந்து பழக்கமில்லை. எங்கே கால் வைக்கலாம் என்று நீங்கள் முன்னால் நடந்து காட்டுங்கள்.

இங்ஙனம்,
செந்தில்நாதன்